பின்னறையில் பதினாறு மூட்டை

எங்கள் இசைக்குழுவைப் பற்றிக் கேட்பவர்களின் முதற் கேள்வி மீனைப் பற்றியதாகத்தான் இருக்கும். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுமாமே, அதை வைத்து ஒரு பாட்டுச் செய்யவில்லையா? இல்லை. செய்யவும் மாட்டோம். குழு தொடங்கிய முதல் மாதத்திலேயே அப்படியொரு தீர்மானம் எடுத்தோம். இந்தப் பதினொரு வருடத்தில் நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்த தீர்மானம் அது ஒன்றுதான். இரண்டாவது கேள்வி, இந்த இசை எங்கிருந்து வந்தது என்பது. அதற்குக் கூத்து, நாட்டார் கவி, தேவாலயப் பாடகர் குழு என்று நாலைந்து பெரிய சொற்களைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மை அதைவிடச் சின்னது. எங்கள் குழுவின் வரலாறு என்பது நாங்கள் வீடு மாறிய வரலாறு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கோயிலுக்குப் போகிறவர், தேவாலயத்துக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், இந்த விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி. பெண் பிள்ளைக்கு வீடு கட்டி எழுதிக் கொடுப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். ஆண் பிள்ளைக்குத் தாய் வீட்டில் இடமிருப்பது தங்கச்சிக்கு மாப்பிள்ளை வரும் வரைக்கும்தான். இப்படிப்பட்ட ஊரில் மூன்று ஆண்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினால் எங்கே இருந்து பழகுவது? அதை நாங்கள் யோசிக்கவில்லை. எதையுமே யோசிக்கவில்லை என்பது வேறு கதை.

அந்த மூன்று பேரைச் சொல்லிவிடுகிறேன். நான் கிட்டார். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். அந்த எரிச்சல் என் பேச்சில் எப்போதும் இருக்கும் என்று மற்ற இருவரும் சொல்வார்கள். மத்தளம் அடிப்பவன் செட்டிபாளையத்தான். கூத்துக்கு அடித்துப் பழகிய கை. வேலை மின்கம்பங்களில் ஏறுவது. றபான் என்கிற வட்டப் பறை அடிப்பவர் காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கிறார். எங்களில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன்.

முதலில் தன்னாமுனையில் என் அம்மாவின் வீட்டு முன்னறையில் பழகினோம். எட்டு மாதத்தில் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிற்று. மச்சான் நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வியர்வையோடு வந்தவர், நாங்கள் பாட்டின் நடுவில் இருக்கிறோம் என்று படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். யன்னலால் கண்டேன். தன் வீட்டுக்குள் வரத் தயங்கி ரோட்டில் நிற்கிற மனிதரைப் பார்க்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த கிழமையே சாமான்களைக் கட்டினோம். போகச் சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது. சொல்வதற்கு முன்பே போய்விட வேண்டும். அதுதான் மரியாதை என்று நினைத்தோம். நினைத்தது மட்டுமல்ல, அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு நானே மாப்பிள்ளையாகி, நகரத்தில் என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். முதல் மூன்று மாதம் சீனி போதாத தேநீர்தான் குடித்தேன். சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பாக இல்லை. மத்தளக்காரன் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. அவன் அக்காவுக்கு மாப்பிள்ளை வந்தார், நாங்கள் வெளியேறினோம். அவனும் களுவாஞ்சிகுடியில் மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தான். அங்கே மாமிக்கு நெஞ்சு வருத்தம். மத்தளத்தை உறையிலிருந்து வெளியே எடுக்கவே முடியாது.

காக்காவின் கடைக்கு மேல்மாடியில் துணி மூட்டைகள் அடுக்கிய ஒரு களஞ்சியம் இருந்தது. அங்கே ஒரு வருடம் பழகினோம். சாரமும் சேலையும் சுவர் நெடுகிலும் நிறைந்திருந்ததால் எதை வாசித்தாலும் சத்தம் மெத்தைக்குள் போனதுபோல அமுங்கிப் போகும். முதற் பாட்டை அங்கேதான் தொலைபேசியில் பதிந்து யூடியூபில் போட்டோம். யாரோ ஒருவர் அதன் கீழே, இவ்வளவு மென்மையான ஒலியை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். நாங்கள் நன்றி என்று மட்டும் பதில் போட்டோம்.

அந்தப் பாட்டை நாங்களே பாடியிருந்தோம். அதுதான் குறை. ஒருநாள் காக்கா றபானைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"நமக்கு மூணு பேருக்கும் வாசிக்க வருது. பாட வரல்ல. இத ஆராவது ஒராள் சொல்லத்தானே வேணும்."

மத்தளக்காரன்தான் அவளைக் கண்டுபிடித்தான். மாமிக்கு மருந்து வாங்க ஆரையம்பதியில் ஒரு மருந்துக்கடையில் நின்றிருக்கிறான். உள்ளே ஒரு பிள்ளை மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே, வாய்க்குள் ஏதோ பழைய கவியை முணுமுணுத்திருக்கிறாள். கத்தரிக்கோல் தாளம் தப்பவில்லையாம். அவன் மருந்துத் துண்டைக் கொடுக்க மறந்து, நீங்கள் எங்கள் குழுவில் பாடுவீர்களா என்று கேட்டுவிட்டான். அவள் முதலில் மருந்துத் துண்டைக் கேட்டு வாங்கினாள். மருந்தைக் கொடுத்த பிறகு பதில் சொன்னாள்.

"பாடுறன் அண்ணன். ஆனா கடை மேல்மாடிக்கெல்லாம் வரமாட்டன். என்ட வீட்ட வாங்க."

தாயும் தகப்பனும் இருக்கிற வீட்டை, கல்யாணமாகாத பிள்ளை "என்ட வீடு" என்று சொன்னதை அவன் எங்களிடம் சொல்லிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன்.

அவளுடைய தகப்பன் மேசன். மகளுக்கென்று அந்த வீட்டை அறை அறையாகக் கட்டி அவள் பெயரில் எழுதியிருந்தார். சமைக்கிற குசினிக்கென்று எழுப்பிய பின்னறை மட்டும், குசினி வேறு பக்கம் மாறியதால், பூசாத சுவரும் தகரக் கூரையுமாக நின்றது. அதை அவள் எங்களுக்கு ஒதுக்கினாள். சுவரில் முட்டை மட்டைகளை ஆணியடித்தோம்; மேசன் ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். யன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்றால் அவள் சீமெந்துத் தரையில் நான்கு வட்டங்கள் வரைந்தாள். மைக்கில் எல்லோரும் சரியாக விழ வேண்டுமென்றால் அவரவர் வட்டத்தை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம். என் வட்டம் கதவுக்குப் பக்கத்தில். சண்டை பிடித்துக்கொண்டு எழுந்து போகிறவருக்கு அதுதான் வசதி என்றாள்.

ஆறு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த அறையில் இருந்தோம். மழை வந்தால் தகரத்தின் இரைச்சலில் எல்லாம் நின்றுவிடும். காக்கா அஸர் தொழுகைக்கு எழுந்து போய்விட்டு வரும்வரை நாங்கள் மூவரும் வம்பளப்போம். சரியாகப் பதிவு நடக்கும்போது அவளுடைய அம்மா தேநீரோடு வருவார். ஒரு பாட்டில் கோப்பை தட்டில் உரசும் சத்தம் இன்னும் இருக்கிறது. பழைய கவி மெட்டுகளை எடுத்து, பஸ் தரிப்பிடத்தைப் பற்றியும், றோட்டில் காயப்போட்ட நெல்லைப் பற்றியும், கட்டாரிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் எடுக்கிற தொலைபேசி அழைப்பைப் பற்றியும் அவள் பாட்டுக் கட்டினாள். நாங்கள் சுமாரான வாத்தியக்காரர்கள். அவள் பாடும்போது மட்டும் நல்ல வாத்தியக்காரர்கள் ஆகிவிடுவோம். அந்த நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூடக் கோபம் குறைவாக வந்தது.

அப்போது தெரியாத, இப்போது தெரிந்த ஒன்றை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அந்த ஆறு வருடத்தில் அவளுக்கு மூன்று சம்பந்தம் பேசினார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பின்னறை அப்படியே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருவோம், அவள் பாடுவாள். தனக்குப் போடுகிற நகை பற்றியோ, வருகிறவரின் வேலை பற்றியோ அவள் வாய் திறக்கவில்லை. முதல் இரண்டு இடமும் இதைக் கேட்டுப் பின்வாங்கின. மூன்றாவது, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்கிற ஒருவர். அவருடைய தாய் கொஞ்சம் முகம் சுளித்தாராம். அவர் சரி என்றார். இவ்வளவையும் அவள் எங்களிடம் சொல்லவில்லை. தன் அறையைத் தான் காப்பாற்றியதை நான்கு பேருக்குச் சொல்லித் திரிய என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண நாள் குறித்தாயிற்று என்பதுதான். உடனே நாங்கள் மூவரும் காத்தான்குடியில் ஒரு தேநீர்க் கடையில் கூடினோம். மூன்று மாப்பிள்ளைகளும் நான்காவது மாப்பிள்ளைக்காக உருகினோம்.

"புது மாப்புள ஒரு வீட்டுக்குள்ள போற நேரம், இருக்கக் கதிரை எங்க கிடக்கெண்டுகூடத் தெரியாது," என்றார் காக்கா. "அதுக்குள்ள நாம மூணு ஆம்புளைகள் பின்னறையில இருந்து மத்தளம் அடிச்சா அந்த மனிசன் எங்க போற?"

"போகச் சொல்லவும் ஏலாது அவருக்கு," என்றான் மத்தளக்காரன்.

"அவர் சொல்ல முதல் நாம எடுத்துப்போடுவம்," என்றேன் நான். அதைச் சொன்னவன் நான்தான். மற்றவர்கள் மேல் பழி போட முடியாது.

அவளிடம் சொன்னால் மறுத்துவிடுவாள், பாவம், சங்கடப்படுவாள் என்று சொல்லாமலே செய்யத் தீர்மானித்தோம். அவளும் தகப்பனும் கூறைச் சேலை எடுக்கப் போன நாளில் ஓர் ஓட்டோவோடு போனோம். அவளுடைய அம்மா, மகளுக்குத் தெரிந்துதான் நடக்கிறது என்று எண்ணி, தேநீர் ஊற்றித் தந்தார். ஒலிபெருக்கி, மைக், வயர், முட்டை மட்டை எல்லாவற்றையும் கழற்றி எடுத்தோம். ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளைச் சீமெந்தால் அடைத்தோம். மத்தளக்காரன் முழங்காலில் இருந்து, தேர்ப்பன்டைன் எண்ணெயால் அந்த நான்கு வட்டங்களையும் தேய்த்து அழித்தான். முடிந்ததும் வாசலில் நின்று பார்த்தோம். ஒரு பிழை சொல்ல முடியாத வெறும் அறை. புறப்படும்போது எங்கள் மூவருக்கும் கண் கலங்கியிருந்தது. தியாகம் செய்கிறோம் என்ற நினைப்பு.

அன்று பின்னேரமே அவள் எங்கள் வட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினாள். கல்யாண வேலையாக இருக்கும் என்றோம். கல்யாணத்தன்று மேடையில் ஒரு பாட்டு வாசிக்கலாம் என்று தாயிடம் கேட்டோம். மகள் வேண்டாம் என்கிறாள் என்றார். பந்தியில் இருந்து சாப்பிட்டோம். வாழ்த்தப் போனபோது அவள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கும்பிட்டாள்.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு மருந்துக்கடைக்குப் போய், வராத தலையிடிக்கு மாத்திரை கேட்டேன்.

"எத்தின அட்டை வேணும் சேர்?" என்றாள். ஆறு வருடம் அண்ணன் என்று கூப்பிட்ட பிள்ளை.

"என்ன தங்கச்சி, என்ன கோவம்?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள்; அவர்கள் கேட்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. சம்பந்தம் பேசிய கதை முழுவதையும் அப்போதுதான் சொன்னாள். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்களாம். வெறும் அறையைக் கண்ட மாமியார், "அவங்களாவே விட்டுட்டாங்க போல, நல்லதாப் போச்சு," என்றாராம்.

"நான் கேட்டது அந்த ஒண்டத்தான் அண்ணன். அதுக்கு அவர் ஓம் எண்டவர். வந்து பாத்தா கேட்ட ஆளிட அறை வெறுமாக் கிடக்கு. நான் என்ன சொல்ற?"

"நாங்க உனக்குக் கரைச்சல் வரக்கூடாதெண்டுதான்... அம்மாவும் நிண்டவதானே..."

"அம்மாட வீடா அது?"

நான் கையிலிருந்த சில்லறையை எண்ணினேன்.

"ஆரக் கேட்டு எடுத்தீங்க? சரி, உங்கட சாமான், எடுத்தீங்க. உங்கட வட்டத்த அழிச்சீங்க. என்ட வட்டத்த ஏன் அழிச்சீங்க?"

நாங்கள் மூன்று பேரும் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை என்ற ஒருவரைத்தான் கண்டோம். எங்களுக்குத் தெரிந்த ஆள் அவர்தான். பின்னால் நின்ற கிழவர் ஒருவர் என்னைப் பார்த்து, "அதுதானே," என்றார். மாத்திரையை மறந்து வெளியே வந்தேன்.

அவள் கடைசியாகச் சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். அறை இப்போது வெறுமையாக இல்லை. அறுவடை முடிந்த நேரம். மாப்பிள்ளையின் சகோதரர்கள் அவருடைய வயல் வட்டையில் விளைந்த நெல்லை, விலை ஏறும்வரை வைத்திருக்கலாம் என்று, காலியாகக் கிடந்த பின்னறையில் ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். புது மாப்பிள்ளை வீட்டுக்கு முதன்முதல் கொண்டுவந்த நெல்லை எடுத்து வெளியே போடு என்று எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். அவளும் சொல்லவில்லை. தன் வீட்டில் தன் அறைக்குள் அவளே போக முடியாமல் செய்தவர்கள் நாங்கள்.

காக்காவின் கடையில் இதைச் சொன்னேன். மத்தளக்காரன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வட்டத்தை அழித்த கைகள். காக்கா துணியை மடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"மாப்புளய நினைச்சம். புள்ளய நினைக்கல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே, எல்லாச் சாமான்களையும் அதே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மாப்பிள்ளை விறாந்தையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி, இருக்கச் சொல்ல நினைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தார். கதிரைகள் எங்கே கிடக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அதற்குள் அவள் வந்துவிட்டாள்.

"பிழை எங்கட புள்ள," என்றார் காக்கா. "ஒன்னக் கேக்காமச் செஞ்சிட்டம். கேக்கணும் எண்டே எங்களுக்குத் தோணல்ல. மன்னிச்சுக்க."

அவள் ஓட்டோவைப் பார்த்தாள். மத்தளக்காரன் ஏற்கெனவே முட்டை மட்டைகளை இறக்கத் தொடங்கியிருந்தான். அவள் போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள். புது நெல்லின் வாசம் முகத்தில் அடித்தது. மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் போகிற அளவு ஒற்றையடிப் பாதை. விஷயம் அப்போதுதான் மாப்பிள்ளைக்கு விளங்கியிருக்க வேண்டும். பதறிப்போனார்.

"நீங்க வாறத்த விட்டுட்டீங்க எண்டுதான் வெச்ச. இப்பவே எடுத்துப்போடுறன்."

"நில்லுங்க," என்றாள் அவள். உள்ளே போய், மூட்டைகளுக்கு நடுவே நின்று, ஒருதரம் கைதட்டினாள். பிறகு ஒரு வரி பாடினாள். தகரக் கூரையின் கீழ் எப்போதும் அலைந்து திரும்பிவரும் எதிரொலி இல்லை. குரல் மட்டும், பக்கத்தில் நின்று பேசுவதுபோல, சுத்தமாக வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாடிய முதல் வரி அதுவாகத்தான் இருந்திருக்கும். காக்கா முகத்தைத் திருப்பிச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"இஞ்ச கேளுங்க," என்றாள் எங்களைப் பார்த்து. "முட்டை மட்டைய விட இது நல்லம்."

அப்படித்தான் எங்கள் முதல் முழுத் தொகுப்பு பதிவாயிற்று. மூட்டைகளுக்கு மேலே ஏறியும், நடுவே ஒடுங்கியும் இருந்து வாசித்தோம். என் கிட்டாருக்குள் இப்போதும் குலுக்கினால் நாலைந்து நெல் கிடந்து உருளும். மாதம் போகப் போக நெல் குற்றினார்கள், விற்றார்கள், மூட்டை குறைந்தது, அறையும் சத்தத்தில் மெல்ல மெல்ல விரிந்தது. தொகுப்பை முதலிலிருந்து கேட்டால் அது விளங்கும். முதற் பாட்டில் நாங்கள் போர்வைக்குள் இருக்கிறோம். ஏழாம் பாட்டில் வெட்டவெளியில் இருக்கிறோம். நடுவில் நான்காம் பாட்டுத்தான் எல்லோருக்கும் பிடித்தது. ஏன் என்று விமர்சனம் எழுதியவர்களுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை பாட்டுக் கேட்க உள்ளே வரமாட்டார். விறாந்தையில் இருந்து மண்வெட்டிக்குத் தட்டித் தட்டிப் பிடி போட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் நாங்கள் இரண்டாம் அடியைப் பிழையாக வாசித்தபோது அந்தத் தட்டல் நின்றதை வைத்துத்தான் அவர் கேட்கிறார் என்று தெரிந்தது.

அடுத்த அறுவடையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பாட்டின் நடுவில், இழுவைப் பெட்டி நிறைய நெல் மூட்டையோடு உழவு இயந்திரம் படலையடியில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பின்னறை அப்போது வெறுமையாக இருந்தது. தரையில் அவள் மறுபடி வரைந்த நான்கு சிவப்பு வட்டங்கள் இருந்தன. நான் வாசித்துக்கொண்டே கதவைப் பார்த்தேன். மாப்பிள்ளை மூட்டை தூக்காமல் வெறுங்கையோடு வந்து, பாட்டு முடியும்வரை வாசலில் நின்றார். முடிந்ததும் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"பாட்டுக்கு எத்தின மூட்டை வேணும்?"

காக்கா றபானை மடியில் கவிழ்த்தார். மத்தளக்காரன் தரையைப் பார்த்தான். ஆறு வருடம் இந்த அறையில் இருந்தும் எங்கள் ஒருவர் வாயிலும் அப்படியொரு கேள்வி வரவில்லை.

அவள் யோசிக்கவே இல்லை. நான்காம் பாட்டுப் பதிவான அன்றே அறையில் கிடந்த மூட்டைகளை எண்ணி வைத்திருக்கிறாள்.

"பதினாறு," என்றாள். "மிச்சத்த விறாந்தையில போடுங்க."